அருங்காட்சியகத்தில் என் குரல்

செப்டம்பர் 10, புதன்

இந்த நோட்டு சங்கத்தில் கொடுத்தது. ஜெர்மனிக்குப் போகும் நால்வரும் பார்த்ததை எல்லாம் தினமும் எழுத வேண்டும், திரும்பி வந்ததும் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முதலில் விவரம்.

பெயர் சூ. மரியபுஷ்பம். வயது ஐம்பத்து மூன்று. ஊர் திண்டுக்கல். பத்தொன்பது வருடம் தெருக் கூட்டினேன். முப்பத்தாறு வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன். கணக்கில் ஒருமுறை போய், மறுமுறை தேறினேன். எட்டு வருடமாகத் தூய்மைப் பணி மேற்பார்வையாளர். எனக்குக் கீழே நாற்பத்தோரு பேர் வேலை செய்கிறார்கள். வீட்டுக்காரர் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. ஒரே மகன் ஜெரால்டு, சென்னையில் வங்கி வேலை.

இன்று வந்து இறங்கிய இந்த ஜெர்மன் ஊரின் குப்பை அள்ளும் தொழிலாளர் சங்கமும் எங்கள் சங்கமும் சேர்ந்து இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்திருக்கின்றன. ஊர்ப் பெயரை தர்சினி மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் எனக்கு வாயில் நுழையவில்லை. தர்சினி எங்கள் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டாளாம். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறாள்.

தங்குவதற்கு ஓட்டல் கிடையாது. நால்வருக்கும் நான்கு தொழிலாளிகளின் வீடு. எனக்குக் கிடைத்தது ஹைக்கே என்ற பெண்ணின் வீடு. வயது ஐம்பத்தெட்டு. குப்பை லாரி ஓட்டுகிறாள். கணவர் யுர்கன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் தனி அறை, ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம்.

ஜெரால்டு சென்னை விமான நிலையத்துக்கு வழியனுப்ப வரவில்லை. அவன் அறையிலிருந்து பக்கம்தான். ஆனால் ஆபீசில் தணிக்கை நடக்கிறது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

காலை ஐந்தரைக்கு ஹைக்கேயின் லாரியில் ஏறினேன். ஆரஞ்சு நிறச் சட்டையும் பூட்ஸும் எனக்கும் கொடுத்தார்கள். பூட்ஸ் பெரிது, இரண்டு காலுறை போட்டுச் சமாளித்தேன். குப்பைத் தொட்டியை இரும்புக் கை ஒன்று தூக்கிக் கவிழ்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறது. ஆள் கை படுவதே இல்லை. நான்காவது தெருவில் அந்த விசையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பதினேழு தொட்டி கவிழ்த்தேன். ஒன்றுகூடச் சாயவில்லை.

ஒரு வீட்டு வாசலில் பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கை ஆட்டின. நானும் ஆட்டினேன்.

வீட்டுச் சமையலறையில் ஐந்து கூடைகள் இருக்கின்றன. யுர்கன் தேயிலைப் பையைக் காகிதக் கூடையில் போட்டிருந்தார். நான் எடுத்து மக்கும் குப்பையில் போட்டேன். ஹைக்கே மேசையைத் தட்டிச் சிரித்தாள். முப்பது வருடமாக அவள் சொல்லியும் அவர் கேட்கவில்லையாம்.

ஜெரால்டு போன் செய்தான். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, குளிர் எப்படி என்று கேட்டான். கடைசியில், "ஸ்டேட்டஸ்ல போட்டோ ஏதும் போட்றாதம்மா. வீடு பூட்டிக் கெடக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிரும், திருட்டுப் பயம்" என்றான். நல்ல யோசனைதான். ஆரஞ்சுச் சட்டையில் எடுத்த படத்தைப் போடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மழை. குப்பை பிரிக்கும் ஆலை பார்த்தோம். தனியாக எழுதி வைத்திருக்கிறேன், கடைசிப் பக்கத்தில்.

செப்டம்பர் 13, சனி

விடுமுறை. ஹைக்கேயோடு சேர்ந்து துணி உலர்த்தினேன். பிறகு கூடத்தில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினாள். தர்சினியும் வந்திருந்தாள்.

அவர்கள் மகளின் கல்யாணப் படம். வெள்ளைக் கவுன் போட்ட மகள் குப்பை லாரியின் முன்சீட்டிலிருந்து இறங்குகிறாள். லாரி முழுக்கப் பூ, ரிப்பன். ஓட்டிக்கொண்டு வந்தது ஹைக்கே. மகள்தான் வேறு வண்டி வேண்டாம், அம்மா வண்டியில்தான் கோயிலுக்குப் போவேன் என்று நின்றாளாம்.

நான் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "உங்கட மகனுக்கும் கலியாணமாமே அக்கா? பொம்பிளை வீட்டுக்காரர் என்ன செய்யினம் எண்டு ஹைக்கே கேக்கிறா" என்றாள் தர்சினி.

அக்டோபரில் நிச்சயதார்த்தம் என்று சொன்னேன். பெண் பெயர் பிளெஸ்ஸி, ஜெரால்டோடு அதே வங்கியில் வேலை. பாளையங்கோட்டைக் குடும்பம். அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். அம்மா கிரேஸ் டீச்சர்.

"நீங்கள் இங்க வந்திருக்கிறது அவைக்குச் சந்தோஷமோ எண்டு கேக்கிறா."

ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன்.

ஜூன் மாதம் அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேலை மேற்கோட்டை ஜெரால்டு எடுத்து, நன்றாக மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினான். மழை வருகிற மாதிரி இருந்தது. பொறுப்பான பிள்ளை. டீச்சர் என்னிடம், "நீங்க முனிசிபல் ஆபீஸ்ல எந்த செக்‌ஷன்?" என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "ஹெல்த் செக்‌ஷன்" என்று சொல்லிவிட்டான். அது பொய் இல்லை. எங்கள் பிரிவு அதில்தான் வருகிறது.

அன்று மழை பெய்யவில்லை.

இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

காலையில் இந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஹைக்கே, யுர்கன், தர்சினி, நான். அந்தக் காலத்தில் உப்பு வைக்கும் கிடங்காக இருந்த மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடியில் பழைய படகுகள், பீங்கான், கடிகாரங்கள். யுர்கன் கடிகாரங்களை விட்டு நகரவே இல்லை. நான் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தேன். உள்ளே இருந்த பொருளைச் சொல்லவில்லை, கண்ணாடியைச் சொல்கிறேன். ஒரு விரல் தடம் இல்லை. மூலையில்கூடத் தூசி இல்லை. துடைக்கிற ஆளைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். விசாரித்தால், அவருக்கு ஞாயிறு விடுமுறை.

நடு மாடியில் ஒரு சமையலறையை அப்படியே வைத்திருந்தார்கள். அம்மியைத் தேடினேன். இல்லை.

கீழ்த்தளத்தில்தான் ஹைக்கேக்கு அவசரம். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய கூடம். இந்த ஊரில் மனிதர்கள் செய்த வேலைகளுக்கென்றே ஒதுக்கியது. உப்புக் காய்ச்சியவர்கள், கயிறு திரித்தவர்கள், விளக்கு ஏற்றியவர்கள், அதற்கு அடுத்து எங்கள் ஆட்கள். மரச் சக்கரம் வைத்த குப்பை வண்டி, குச்சித் துடைப்பம், தோல் ஏப்ரன். 1911-இல் எடுத்த ஒரு படம், அதில் பதினேழு பேர், மூன்று பேர் பெண்கள். துடைப்பத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நேராக நிற்கிறார்கள். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த ராஜா படத்துக்கு இருக்கிற அதே அளவுச் சட்டம் இதற்கும். நான் அளந்து பார்க்கவில்லை, ஆனால் எனக்குக் கண் அளவு தப்பாது.

அதற்கு எதிர்ச் சுவரில் இந்தக் காலத்து ஆட்கள். ஆறு பேருடைய பெரிய படங்கள். மூன்றாவது ஹைக்கே! படத்துக்குக் கீழே காதில் மாட்டிக் கேட்கிற கருவி தொங்குகிறது. மாட்டினால் ஹைக்கே தன் வேலையைப் பற்றிப் பேசுகிறாள். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேரில் காட்ட வேண்டும் என்று வைத்திருந்திருக்கிறாள்.

அங்கே பிர்கிட் என்ற பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு அவள்தான். குட்டை முடி, முப்பது வயதிருக்கும். ஏழாவதாக என்னை வைக்க வேண்டும் என்றாள். ஒரு படம், வேலையில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றித் தமிழிலேயே ஐந்து நிமிடப் பேச்சு. அவர்கள் மொழியில் எழுதிப் பக்கத்தில் மாட்டுவார்களாம். ஒரு வருடம் அந்தச் சுவரில் இருக்கும். அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்திலும் இருக்கும், உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம்.

எங்கிருந்தும் என்றால் பாளையங்கோட்டையிலிருந்தும்தான்.

"பேசறேன். ஆனா பேரு போட வேணாம்னு சொல்லும்மா" என்றேன்.

தர்சினி என்னைப் பார்த்தாள். "ஏனக்கா?"

"சும்மாதான்."

அவள் அதை அப்படியே பிர்கிட்டிடம் சொன்னாள். பிர்கிட், அது உங்கள் விருப்பம், 'இந்தியாவிலிருந்து வந்த ஒரு தூய்மைப் பணியாளர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்றாள். ஹைக்கே தன் படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து முன்னால் மைக் வைத்தார்கள். என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. வேதாரண்யம் பக்கம் போன நாள்தான் வாயில் வந்தது. சொன்னதை நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"கஜா புயல் அடிச்ச ரெண்டாம் நாள் எங்கள வேதாரண்யம் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்புனாங்க. நானும் இருபத்திரண்டு பொம்பளைங்களும் ஒரு லாரில போனோம். ரோடே தெரியல, தென்னமரமா கெடந்துச்சு. வெட்டி வெட்டி வழி பண்ணிக்கிட்டே போனோம். அந்த ஊர்க் குளத்துல ஆடும் மாடும் செத்து மெதந்துச்சு. செத்து ரெண்டு நாளாச்சு, நாத்தம் தாங்கல. எங்க ஆளுங்க ரெண்டு பேரு, எங்களால ஆகாதுக்கா, வீட்டுக்குப் போறோம்னு அழுதாங்க. நான் திட்டல. முந்தானைய இழுத்துச் செருகிட்டு மொதல்ல நான் எறங்குனேன். கொஞ்ச நேரத்துல அந்த ரெண்டு பேரும் எம் பின்னாடி நின்னாங்க. அன்னைக்கு மட்டும் அறுபத்து மூணு ஆடு, ஒம்போது மாடு பொதைச்சோம். மறுநாள் பள்ளிக்கூடம். முந்நூறு சனம் அதுலதான் தங்கியிருந்துச்சு. தெனம் ரெண்டு வேள கழுவுனோம். தண்ணித் தொட்டிய தேச்சோம். பன்னெண்டு நாளு. அந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூட வாந்திபேதி வரல. ஒரு பச்சப்புள்ளைக்கிகூட வரல. கெளம்புற அன்னைக்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து எங்க கையெல்லாம் ஒவ்வொண்ணா புடிச்சு, நாங்க பண்ணது வைத்தியம்னா நீங்க பண்ணதும் வைத்தியந்தான்னு சொன்னாங்க. நாங்க கை கழுவல மேடம்னு நான் கத்துனேன். பரவால்லன்னாங்க."

பேசி முடித்தபோது தர்சினி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தடுமன், சளி என்றாள்.

சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் என்று பிர்கிட் கருவியை என் காதில் மாட்டிவிட்டாள். என் குரலை நான் இப்படிக் கேட்டதே இல்லை. போனில் பேசினால் அடுத்தவர்தானே கேட்கிறார். யாரோ ஒரு பெண் நிதானமாக, கொஞ்சம் கட்டையான குரலில், ஒரு வார்த்தை மிகையில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறாள். அறுபத்து மூன்று ஆடு என்கிற இடத்தில் எனக்கே மயிர் கூச்செறிந்தது. நல்ல வேலைக்காரி, இவளை எனக்குக் கீழே போட்டால் விடமாட்டேன் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

ஒரு தூய்மைப் பணியாளர் இதைச் செய்யவில்லை. நான் செய்தேன்.

கருவியைக் கழற்றினேன். "பேரு போடச் சொல்லும்மா தர்சினி" என்றேன். "முழுப் பேரு. சூசை மரியபுஷ்பம். தூய்மைப் பணி மேற்பார்வையாளர், திண்டுக்கல்."

அவர்கள் எழுத்தில் என் பெயரை எழுதப் பத்து நிமிடம் ஆனது. தர்சினி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, பிர்கிட் எழுதினாள். பிறகு என்னையே தமிழில் ஒரு தாளில் எழுதச் சொன்னாள். என் கையெழுத்தை அப்படியே பெரிதாக்கி மாட்டப் போகிறாளாம். நிறுத்தி எழுதினேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை. படத்துக்கு ஆரஞ்சுச் சட்டை வேண்டாம் என்றேன். பையில் மடித்துக் கொண்டுவந்திருந்த என் சொந்த மேற்கோட்டைப் போட்டுக்கொண்டேன். அதை எதற்காக இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன் என்று ஹைக்கே கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

ஹைக்கே என்னைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். தர்சினி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். வேண்டாம், விளங்கிவிட்டது என்றேன்.

செப்டம்பர் 15, திங்கள்

ஜெரால்டுக்கு நானே போன் செய்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவன் முழுக்கக் கேட்டான். பிறகு:

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? ஒரே ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"ஒரு மாசம் கழிச்சு நீ சொல்லியிருப்பியா?"



"நான் ஒண்ணும் பொய் சொல்லலம்மா. அவங்களா ஆபீஸ் வேலைன்னு நெனச்சிக்கிட்டாங்க. நான் திருத்தல, அவ்வளவுதான்."

"அப்ப நான் திருத்திடறேன்."

"அம்மா, வேணாம். சொன்னா கேளு. பிளெஸ்ஸி அப்பா எப்படின்னு ஒனக்குத் தெரியாது."

"நான் எப்படின்னு அவருக்கும் தெரியாதே தம்பி. தெரிஞ்சிக்கட்டும்."

வைத்துவிட்டான்.

நானும் ஜூன் மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஹெல்த் செக்‌ஷன் என்று அவன் சொன்னதற்குத் தலையாட்டினேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவனை மட்டும் சொல்வது நியாயமில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

போன் வரவில்லை. லாரியில் இருபத்தெட்டு தொட்டி.

செப்டம்பர் 17, புதன்

கிரேஸ் டீச்சருக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம் இரண்டு மணி. என் பெயரைச் சொன்னேன்.

"சொல்லுங்க சம்பந்தி. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துதா? ஆபீஸ் வேலையாத்தான் போயிருக்கீங்கன்னு மாப்ள சொன்னாவ."

"டீச்சர், நான் ஆபீஸ்ல வேலை பாக்கல. தெருவுல வேலை பாக்கறேன். தூய்மைப் பணி மேற்பார்வையாளர். அதுக்கு முன்னாடி பத்தொம்போது வருசம் நானே கூட்டினேன். ஜூன்லயே சொல்லியிருக்கணும். சொல்லல."

டீச்சர் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நாங்க மேசை வேலைன்னுல்லா நெனச்சோம்" என்றார்.

"நெனச்சது ஒங்க தப்பில்ல டீச்சர். சொல்லாதது எங்க தப்பு. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறேன். வேலைக்கு இல்ல."

"சார்ட்ட பேசிட்டுச் சொல்லுதேன்."

"பேசுங்க. இங்க மியூசியத்து வெப்சைட்டுல நான் பேசினத வச்சிருக்காங்க. தோது இருந்தா கேளுங்க. முகவரி அனுப்பறேன்."

தர்சினியிடம் வாங்கி அனுப்பினேன். ஜெரால்டுக்கும் அனுப்பினேன்.

போனை வைத்ததும் சமையலறையில் ஐந்து கூடைகளையும் ஒருமுறை சரிபார்த்தேன். யுர்கன் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

மாலை விமானம். நான் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பிர்கிட் அவசரமாக எல்லாவற்றையும் மாட்டியிருந்தாள். காலையில் ஹைக்கே கூட்டிப்போனாள்.

என் படம் ஏழாவது. அதற்குக் கீழே, என் முழங்கை நீளத்துக்கு என் கையெழுத்து. படத்துக்கு முன்னால் வயதான ஓர் அம்மாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் மாட்டியிருந்த அவர்கள் மொழி எழுத்தை விரலால் தொடர்ந்து படித்தபடி நின்றார். நான் தள்ளியே நின்றேன். முடியும் வரை அவர் நகரவில்லை. திரும்பியவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கருவியைக் கழற்றாமலே கையை நீட்டினார். குலுக்கினேன். இறுக்கமான பிடி. உழைத்த கைதான் அதுவும்.

ஹைக்கே அழுதாள். நான் அழவில்லை. டிசம்பரில் லீவு போட்டுத் திண்டுக்கல்லுக்கு வா, என் நாற்பத்தோரு பேரையும் காட்டுகிறேன் என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை எட்டரைக்குச் சென்னையில் இறங்கினேன். சங்கத்து ஆட்கள் மாலையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கழுத்தில் வங்கி அடையாள அட்டையோடு ஜெரால்டு.

மாலை போட்டு முடியும் வரை கிட்டே வரவில்லை. பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டான். வெளியே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். முகம் வாடியிருந்தது, சவரம் செய்யவில்லை.

"ஒம் பேச்ச அஞ்சு தடவ கேட்டேம்மா" என்றான். "பிளெஸ்ஸிகூட ஒரு தடவ, தனியா நாலு தடவ. அந்த வேதாரண்யம் விசயத்த எங்கிட்ட ஏம்மா சொல்லவே இல்ல?"

"அப்ப நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த. பன்னெண்டு நாளா நான் போன் எடுக்கலன்னு கோவிச்சுக்கிட்ட."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீ கேக்கல."

அவன் காப்பியைக் குடிக்காமல் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். என் மகனை எனக்குத் தெரியும். மன்னிப்பு கேட்க அவனுக்கு வராது, அவன் அப்பாவுக்கும் வந்ததில்லை. போனை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"டீச்சர் நேத்துப் பேசினாங்க. அழைப்பிதழ அச்சுக்குக் குடுத்துருன்னாங்க. பிளெஸ்ஸி அப்பா எங்கிட்ட இன்னும் பேசல. நிச்சயத்துக்கு வருவாருன்னு பிளெஸ்ஸி சொல்றா. பாக்கலாம். இது சரியா இருக்கான்னு பாரு."

கண்ணாடி போட்டுப் படித்தேன். நிச்சயதார்த்த அழைப்பிதழ். பெண்ணின் பெற்றோர் பெயர், படிப்பு, பள்ளி. இந்தப் பக்கம், 'திருமதி சூ. மரியபுஷ்பம், தூய்மைப் பணி அலுவலர், திண்டுக்கல்'.

"அலுவலர் வேற தம்பி. அது பெரிய போஸ்ட்டு. நான் மேற்பார்வையாளர்."

"ஒரு வார்த்ததானம்மா."

"ஒரு வார்த்ததான். மாத்து."

மாற்றினான். வார்த்தை நீளமாகி வரி மடங்கியது. "எடம் பத்தல. எழுத்தச் சின்னதாக்கிரட்டுமா?" என்று கேட்டான்.

"சின்னதாக்காத. இன்னொரு வரி எடுத்துக்க" என்றேன்.

எடுத்துக்கொண்டான்.